பனிச்சறுக்குப் பயிற்சியில் அடிபட்டால்

திருப்பத்தூர், ஆம்பூர் பக்கமிருந்து மணாலி, அவுலி போய்ப் பனிச்சறுக்கு கற்கிறவர்கள், ‘ஆபத்துக்கு நானே பொறுப்பு’ என்று கையெழுத்துப் போட்டதோடு உரிமை போய்விட்டதாக நினைக்கிறார்கள். அந்தத் தாளை மட்டும் காட்டிப் பயிற்சி நிறுவனம் தன் கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து எளிதில் தப்ப முடியாது. கவனக்குறைவுக்கு நீதிமன்றம் எப்படிப் பொறுப்பாக்குகிறது என்பதற்கு ஒரு வழக்கு: கேரளத்தின் கோவளத்தில் ஓட்டல் நீச்சல்குளத்தில் 2006இல் ஒருவர் மூழ்கி இறந்தார். உயிர்காப்பாளரையே மதுக்கூட வேலைக்கும் வைத்திருந்தார்கள். 62.5 லட்சம் ரூபாய் இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2019இல் உறுதி செய்தது.

விழுவது இந்த விளையாட்டின் இயல்புதானே என்பீர்கள். உண்மைதான், ஆனால் முதல்நாள் மாணவரைச் செங்குத்துச் சரிவில் இறக்கிவிடுவதும், விழும்போது கழலாத பூட்டுள்ள பலகையைத் தருவதும் சேவைக் குறைபாடு. ரசீது, மருத்துவச் சீட்டு, பூட்டின் படம், உடனிருந்தவர் தொலைபேசி எண் ஆகியவற்றை அன்றே சேர்த்துவையுங்கள். 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் புகார் தரலாம். பயிற்சிக்குக் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை.