வறண்ட காற்றில் நீலமாகும் வண்டு

கேள்வி: கலிபோர்னியாவில் ரிட்ஜ்கிரெஸ்டில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறோம். சுற்றிலும் மொஹாவி பாலைவனம். பேரப்பிள்ளைகளை அங்குள்ள சின்ன அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனால் பிரயோஜனம் உண்டா? – ஒரு வாசகி, மதுரை

பதில்: தாராளமாகக் கூட்டிப்போங்கள் அம்மா. அங்கே மட்டுராங்கோ அருங்காட்சியகம் இருக்கிறது. சிறியதுதான், ஆனால் அந்த மண்ணைப் பற்றியே பேசுகிறது. குழந்தைகளுக்கு அதுதான் வேண்டும்.

பூச்சிகளைப் பற்றி அவசியம் கேளுங்கள். அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைகளில் ஒரு வண்டு உண்டு. தொட்டால் காலை நீட்டி, செத்ததுபோல் மல்லாந்துவிடும். உடம்பின் ஈரம் வெளியேறாமலிருக்க மெழுகுப் பொடி பூத்திருப்பதால் வறண்ட காற்றில் நீலமாகத் தெரியும், ஈரக்காற்றில் கறுத்துவிடும்.

ஜோஷுவா மரத்தின் கதை இன்னும் அருமை. அதற்கு மகரந்தம் சேர்ப்பது யூக்கா அந்துப்பூச்சி மட்டுமே. பெண்பூச்சி மகரந்தத்தைத் தலைக்கடியில் உருட்டி எடுத்துப்போய், வேறொரு பூவில் முட்டையிட்டு, சூல்முடியில் தானே அப்பிவிடும். புழுக்கள் சில விதைகளைத் தின்னும், மிச்சம் மரத்துக்கு.

கோடை வெயில் அங்கே கொடுமை. அதனால் வீணாக அலையாமல், அருங்காட்சியகத்தில் குடும்பங்களுக்கான நிகழ்ச்சி உண்டா, எந்த நாளில் என்று முன்கூட்டியே போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.