மொழிபெயர்க்க மகன் வேண்டாம்

லண்டனில் ஈஸ்ட்ஹாம், மேனர் பார்க் பக்கத்து வயதான அம்மாக்களுக்குத் துணையாக, ஜீ.பி. என்கிற குடும்ப மருத்துவரின் சேர்ஜரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பல வருடங்களாகப் போய் வருகிறேன். ஆங்கிலம் தெரியாதவர்கள், தனியே பஸ் ஏறத் தயங்குபவர்கள், விசா முடிவுக்காகக் காத்திருப்பவர்கள் என்று பலர். சேர்ஜரி பெரும்பாலும் நடக்கிற தூரத்தில்தான் இருக்கிறது. உள்ளே போய், சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்புகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

காரணம் பல வீடுகளில் ஒன்றுதான். மகனோ மகளோ மொழிபெயர்க்க வருகிறார்கள். வேலைக்கு லீவு போட்டுவிட்டு வருகிற பிள்ளையின் பாசத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மலத்தோடு இரத்தம் போகிறது, இருமினால் சலம் கசிகிறது என்பதையெல்லாம் எந்த அம்மா மகன் முன்னால் சொல்வார்? “நாரி நோகுது” என்று சொல்லிவிட்டுப் பனடோலோடு வீட்டுக்கு வந்துவிடுவார். 2009இல் வன்னியில் போரில் கண்டதை நினைத்து நித்திரை வராமல் கிடப்பவர், அந்தக் கதையைப் பிள்ளைகளிடம் ஒருநாளும் திறக்காதவர், அவர்கள் வாய் வழியாக மருத்துவரிடம் எப்படித் திறப்பார்? வீட்டில் அடிவாங்குகிற பெண்ணுக்கு மொழிபெயர்க்க வருவது அடிக்கிறவனாகவே இருந்தால்? அம்மா பயந்துவிடுவார் என்று, மருத்துவர் சொன்ன நீரிழிவை மகள் “கொஞ்சம் சீனி கூடவாம்” என்று குறைத்துச் சொல்ல, அம்மா இரண்டு மாதத்தில் குளிசையை நிறுத்திவிட்டதையும் கண்டிருக்கிறேன். மகள் பொய் சொல்லவில்லை, அம்மாவின் மனதைக் காத்தாள். சீனியோ ஏறிக்கொண்டே போனது.

பிள்ளை பக்கத்தில் இருக்கட்டும், கையைப் பிடித்துக்கொள்ளட்டும். மொழிபெயர்ப்பை அதற்கென்று உள்ளவரிடம் விடுங்கள். அரச மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். அதை இலவசமாகவே தருகிறது. வீட்டாரை, குறிப்பாகச் சிறு பிள்ளைகளை, இதற்குப் பயன்படுத்தக்கூடாது என்பதுதான் அதன் வழிகாட்டி. நேரம் பதிகிற அன்றே கேட்க வேண்டும். வந்து உட்கார்ந்த பிறகு கேட்டால் பெரும்பாலும் ஆள் கிடைக்காது. “டமில் இன்டர்ப்ரெட்டர் ப்ளீஸ்” என்ற மூன்று சொல் போதும், எந்த அம்மாவும் அதைப் பழகிவிடலாம். ஒவ்வொன்றையும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருப்பதால், இரட்டை நேரம் தரும்படி சேர்த்துக் கேளுங்கள். பெண் மொழிபெயர்ப்பாளரை, இலங்கைத் தமிழ் பேசுகிறவரைக் கேட்கலாம். எல்லாவற்றையும்விடப் பயன் தந்தது இது: “மொழி தமிழ், மொழிபெயர்ப்பாளர் தேவை” என்று உங்கள் மருத்துவப் பதிவில் எழுதிவைக்கச் சொல்வது. ஆஸ்பத்திரிக்கு எழுதும் கடிதத்திலும் அதைக் குறிப்பிடச் சொல்லுங்கள்.

“மொழிபெயர்க்க வருகிறவர் எங்கள் ஊர்ச் சனமாக இருந்தால்?” என்ற பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. கோயிலிலும் கல்யாண வீட்டிலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிற சமூகம் இது. ஆனால் மொழிபெயர்ப்பாளர்கள் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்கள். அப்படியும் மனம் ஒப்பாவிட்டால் தொலைபேசி மொழிபெயர்ப்பைக் கேளுங்கள். முகம் தெரியாது, ஆள் வேறு நகரத்தில் இருக்கலாம். வருடக்கணக்காக வாய் திறக்காத ஒருவர் தொலைபேசியில் கேட்ட குரலிடம் மனம்விட்டுக் கதைத்ததை அருகிலிருந்து பார்த்தேன்.

இதற்கெல்லாம் முன்னால் பதிவு வேண்டும். இங்கிலாந்தில் ஜீ.பி.யிடம் பதிய முகவரிச் சான்றோ, அடையாள அட்டையோ, விசாவோ கட்டாயமில்லை. ஜீ.பி. பார்ப்பது யாருக்கும் இலவசம், அகதி விண்ணப்பம் எந்த நிலையில் இருந்தாலும். ஆனாலும் பாஸ்போர்ட் இல்லை என்று வரவேற்பு மேசையிலேயே திருப்பி அனுப்பப்பட்டவரோடு நின்றிருக்கிறேன். வாக்குவாதம் வேண்டாம். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தரும்படி அமைதியாகக் கேளுங்கள். 14 நாளுக்குள் அப்படித் தர வேண்டியது அவர்கள் கடமை. பதிவு உரிமையைச் சொல்லும் சிறிய அட்டைகளும் லண்டனில் உண்டு. அதை நீட்டினால் பல இடங்களில் பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

பதிந்த பிறகும், நேரம் எடுக்கக் காலை எட்டு மணிக்குத் தொலைபேசி வரிசையில் தொங்குவது எல்லோருக்கும் தெரிந்த வேதனை. 2025 அக்டோபர் 1 முதல் சேர்ஜரிகள் இணைய வழிக் கோரிக்கைகளைக் காலை 8 முதல் மாலை 6.30 வரை திறந்துவைக்க வேண்டும். அந்தப் படிவத்தை நிரப்புவதுதான் பிள்ளைகள் செய்யக்கூடிய நல்ல உதவி. சில வருத்தங்களுக்கு ஜீ.பி.யே தேவையில்லை. 2024 ஜனவரி 31இல் தொடங்கிய பார்மசி ஃபர்ஸ்ட் திட்டத்தில் தொண்டை நோ, பிள்ளைகளின் காதுவலி, சைனஸ், அக்கி, தொற்றான பூச்சிக்கடி, இம்பெட்டைகோ என்ற தோல் புண், 16 முதல் 64 வயதுப் பெண்களின் சலக்கடுப்பு ஆகிய ஏழுக்கும் மருந்தாளரே பார்த்து, தேவையானால் அன்டிபயோட்டிக்கும் தரலாம். லண்டன் மருந்துக்கடைகள் பலவற்றில் தமிழ் மருந்தாளர்கள் நிற்கிறார்கள். தனியாகக் கதைக்க உள்ளே ஒரு சிறு அறையும் இருக்கும்.

வருத்தம் இல்லாதபோது போகும் பழக்கம் எங்களிடம் குறைவு. அதுதான் எனக்குப் பெரிய கவலை. 40 முதல் 74 வயதுக்கு, ஏற்கெனவே நீரிழிவு, இதயநோய் போன்றவை இல்லாதவர்களுக்கு, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இலவசப் பரிசோதனை உண்டு. தெற்காசியருக்கு உடல் நிறைச் சுட்டெண் 23ஐத் தொட்டாலே நீரிழிவு அபாயம் கூடுகிறது என்று வழிகாட்டி சொல்கிறது. மற்றவர்களுக்கு அது 25. நாங்கள் மெலிந்தவர்கள்தானே என்று இருந்துவிட முடியாது. 50 முதல் 74 வரை, குடல் புற்றுநோய்ப் பரிசோதனைப் பொதி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தபாலில் வரும். அருவருப்பில் அதைக் குப்பையில் போடுகிறவர்கள் அதிகம். குச்சியில் சிறிதளவு மலம் எடுத்துப் போத்தலில் போட்டு, உறையில் இட்டுத் தபாலில் சேர்த்தால் சரி, முத்திரைகூட வேண்டாம். ஒருநாள் கோயில் அன்னதானத்துக்குப் பிறகு அந்தப் பொதியைத் திறந்து எல்லோருக்கும் காட்டினோம். முகம் சுளித்தவர்களே பிறகு கேள்வியும் கேட்டார்கள்.

கடைசியாக, சேர்ஜரி பற்றி நோயாளர்களே கருத்துச் சொல்லும் நோயாளர் குழு. 2015 முதல் இங்கிலாந்தின் ஒவ்வொரு சேர்ஜரியும் அதை நடத்த வேண்டும். எங்களவர்கள் அதில் அநேகமாக இல்லை. நாங்கள் சில பெண்கள் போய் உட்கார்ந்தோம். மொழிபெயர்ப்பாளர் பற்றிய ஒரு தாள் தமிழில் ஒட்டப்பட வேண்டும் என்று கேட்டோம், கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டோம். இப்போது அது வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டியே அம்மாக்கள் நேரம் பதிகிறார்கள்.