மின்சாரம் போகலாம், கணக்கு போகலாமா?

மாலை நேரம், கடை நிறையக் கூட்டம். பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றுவிடுகிறது. ஏனாத்தூர், உத்திரமேரூர் வட்டார வணிகர்களுக்கு இது புதிதல்ல. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தபோது, நம் காஞ்சிபுரம் மாவட்டத்திலும் மின்கம்பங்கள் சாய்ந்தன. விளக்கு இல்லாவிட்டால் மெழுகுவர்த்தி ஏற்றி வியாபாரம் பார்த்துவிடலாம். மின்சாரம் வந்த பிறகு கணிப்பொறி திறக்க மறுத்தால், யார் எவ்வளவு பாக்கி என்பதை எதைப் பார்த்துச் சொல்வது?

பழுது எப்படி நேர்கிறது என்று பார்ப்போம். ஒரு மூட்டை துவரம் பருப்பைக் கடனுக்குக் கொடுத்தால் சிட்டையில் எழுதுகிறோம், பேரேட்டில் ஏற்றுகிறோம், இருப்பில் கழிக்கிறோம். பாதியில் எழுந்து போனால் கணக்கு ஒட்டாது. ஹார்ட் டிஸ்கிலும் இப்படித்தான். தகவல் ஓரிடத்திலும், அது இருக்குமிடத்தைக் காட்டும் அட்டவணை வேறிடத்திலும் எழுதப்படுகின்றன. நடுவில் மின்சாரம் நின்றால் இரண்டும் முரண்படுகின்றன.

1993இல் விண்டோஸ் என்.டி.யுடன் வந்த என்.டி.எஃப்.எஸ். முறையே இன்றைய விண்டோஸ் கணிப்பொறிகளிலும் பெரும்பாலும் உள்ளது. அது செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, மின்சாரம் வந்ததும் அதைப் பார்த்து அட்டவணையைச் சரிசெய்யும். ஆனால் அது காப்பது அட்டவணையைத்தான். நாம் கடைசியாக அடித்த பில்லை அல்ல. பென் டிரைவ்களில் அதிகம் காணப்படும் எஃப்.ஏ.டி. 32 முறையில் அந்தக் குறிப்பேடும் கிடையாது.

எனவே நாம் செய்ய வேண்டியவை:

1. மின்சாரம் வந்தவுடன் இயக்க வேண்டாம். அது நிலைப்பட்டபின் இயக்கவும்.

2. கணிப்பொறி திறந்தால், முதல் வேலையாகக் கணக்குக் கோப்புகளைப் பென் டிரைவில் நகல் எடுக்கவும். பழுது நீக்குவது அதற்குப் பிறகே. பழுது நீக்கும்போது சிதறிய பகுதிகள் பெயர் மாறிப்போவதும், விடுபடுவதும் உண்டு.

3. பிறகு டிரைவின் மீது வலது பொத்தானை அழுத்தி, 'பிராப்பர்ட்டீஸ்', 'டூல்ஸ்' வழியே சென்று 'செக்' என்பதை அழுத்தவும். சோதனை முடியும்வரை அணைக்கக் கூடாது.

4. ஹார்ட் டிஸ்கில் 'டக் டக்' என்ற ஓசை கேட்டால் சோதனையே வேண்டாம். உடனே அணைத்துவிட்டு, விவரம் தெரிந்த தொழில்நுட்பரிடம் கொடுக்கவும்.

5. கணிப்பொறி சரியானதும், அன்றைய பில் நகல்களையும் கல்லாவிலுள்ள ரொக்கத்தையும் வைத்துக் கடைசிப் பதிவுகளைச் சரிபார்க்கவும். டிஸ்க் சரியாகிவிட்டது என்பதற்காகக் கணக்கும் சரியாகிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது.

ஜி.எஸ்.டி.யில் பதிவு பெற்றவர்களுக்கு இது சட்டக் கடமையும் ஆகும். ஆண்டறிக்கைக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைக் காக்க வேண்டும். கணிப்பொறியில் கணக்கு வைத்திருந்தால், அழிந்தாலும் மீட்கும்படி நகலும் இருக்க வேண்டும் என்கின்றன விதிகள்.

ஒரு சிறிய யு.பி.எஸ்., முறை மாற்றிப் பயன்படுத்த இரண்டு பென் டிரைவ்கள் இருந்தால் போதும். தினமும் கடை அடைக்கும்போது ஒன்றில் நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவோம். கல்லாவை எண்ணாமல் நாம் கடையைப் பூட்டுவதில்லை; இனி நகல் எடுக்காமலும் பூட்ட வேண்டாம்.