வெட்டி எறிந்த நொடிகள்

அன்புள்ள தம்பிக்கு,

மருங்காபுரியில் உங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து எடுத்த வீடியோவைப் பார்த்தேன். 'நம்ம ஊர்க் கிணத்துக்குத் தண்ணி எங்கேர்ந்து வருது?' என்று ஒரே கேள்வி. மதிய இடைவேளையில் உங்கள் போனிலேயே ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசவைத்து, மறுநாள் ஸ்மார்ட் போர்டில் போட்டு வகுப்பை விவாதிக்க விட்டிருக்கிறீர்கள். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று எனக்கு விளக்க வேண்டாம். கை தூக்காத பிள்ளையிடமும் பதில் இருக்கும் என்பது நாம் இருவரும் அறிந்ததுதான்.

எனக்கு ஆத்திரம் வந்தது எடிட்டிங்கைப் பார்த்துத்தான். இரட்டைச் சடைப் பெண் "மழை பெஞ்சா..." என்று தொடங்குகிறாள். சட்டென்று தலை வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. "மண்ணுக்குள்ள எறங்கும் சார்" என்கிறாள். நடுவில் அவள் யோசித்த நேரத்தை வெட்டிவிட்டீர்கள். போதாததற்குப் பின்னணியில் புல்லாங்குழல் வேறு! மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களிலேயே வகுப்பறைப் பேச்சை ஒலிநாடாவில் பதிந்து ஆராய்ந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு நொடிக்கு மேல் பொறுப்பதில்லை. 3 நொடி பொறுத்தாலே பதில் நீள்கிறது, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். நீங்கள் பொறுத்திருக்கிறீர்கள், பிறகு அந்தப் பொறுமையையே அழித்துவிட்டீர்கள்.

ஸ்ரீரங்கத்தில் நான் வேலை பார்த்தபோது கேசட் டேப் ரெக்கார்டர்தான் இருந்தது. தங்கள் குரலைக் கேட்டதும் பிள்ளைகள் சிரிப்பார்கள். இரண்டாம் முறை போட்டால் கவனிப்பார்கள். ஒரு பையன், "அதை அழிச்சிடுங்க சார், வேற மாதிரி சொல்றேன்" என்றான். அழிக்காமல் இரண்டையும் போட்டேன். அவன் ஏன் மாற்றிச் சொன்னான் என்பதிலேயே அந்தப் பீரியட் முழுவதும் போனது. அப்படி ஒரு வகுப்பு எனக்குப் பிறகு அமையவில்லை.

'காவிரிலேர்ந்து வருது' என்ற பையனை நீங்கள் முதலில் போட்டீர்களே, அதற்கு உங்கள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. வானம் பார்த்த பூமி அது. குழாயில் காவிரித் தண்ணீரைக் கண்டவன் கிணற்றுக்கும் அதையே சொல்கிறான். "அப்ப குழா வர்றதுக்கு முந்தி கிணத்துல தண்ணி இல்லையா?" என்று இன்னொரு பிள்ளை கேட்கும்வரை நீங்கள் வாயே திறக்கவில்லை. தலை நரைத்த வாத்தியார்கள் பலருக்கும் அது கைவராது.

ஆனால் அதே பதிவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தது பெருந்தவறு. அது டீக்கடை வரை போய், ஊரார் அவனைக் 'காவிரி' என்று கூப்பிட ஆரம்பித்தால், அடுத்த முறை போனைக் கண்டாலே ஓடிவிடுவான். இன்றே எடுத்துவிடுங்கள்.

இனி எதையும் வெட்டாதீர்கள். பிள்ளை பேச்சை நிறுத்தும் இடத்தில் வீடியோவையும் நிறுத்தி, "இப்ப இவ என்ன யோசிக்கிறா?" என்று வகுப்பைக் கேளுங்கள். ஐப்பசி மழை விட்டதும் அந்தப் பையனைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் அதே கேள்வியைக் கேட்டுப் பதியுங்கள். பழையதையும் புதியதையும் அடுத்தடுத்துப் போடுங்கள். அவனே எழுந்து நின்று விளக்கட்டும்.

அன்புடன்,
ஸ்ரீரங்கத்திலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர்