இணையத்தில் உங்கள் பெயர் எப்படித் தெரிகிறது?

வீட்டிலிருந்தே பொடி, ஊறுகாய், ஆரி வேலை செய்த ப்ளவுஸ் என்று விற்கும் தோழிகளுக்காக இந்தக் குறிப்புகள். முகம் தெரியாதவர் முன்பணம் அனுப்புவது உங்கள் பெயரை நம்பித்தான்.

1. வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், யூடியூப் எல்லாவற்றிலும் ஒரே பெயர், ஒரே படம் இருக்கட்டும். பெயரில் 'ழ' வந்தால், ஆங்கிலத்தில் அதை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள்.

2. வியாபாரத்துக்குத் தனி சிம் வாங்கி, வாட்ஸ்அப் பிசினஸ் போடுங்கள். கேட்டலாக்கில் எடையும் விலையும் கட்டாயம் வேண்டும். 'விலைக்கு மெசேஜ் பண்ணுங்க' என்றால் பலர் கேட்காமலே போய்விடுவார்கள்.

3. படத்தை ஜன்னலோர வெளிச்சத்தில், ஃப்ளாஷ் போடாமல் எடுங்கள். ஃபில்டர் வேண்டவே வேண்டாம். மிளகாய்ப் பொடியின் சிவப்பைப் படத்தில் கூட்டிக் காட்டினால், பார்சலைப் பிரிப்பவருக்கு நல்ல பொடியும் பழைய பொடியாகத்தான் தெரியும். பக்கத்தில் ஒரு ஸ்பூன் வைத்தால் பாக்கெட்டின் அளவு புரியும். உங்கள் பெயரைப் படத்தின் நடுவில் மெலிதாகப் போடுங்கள். ஓரத்தில் போட்டால் வெட்டிவிட்டு வேறொருவர் தன் படமாக்கிக்கொள்வார்.

4. உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க எண் லேபிளில் மட்டுமின்றி, புரொஃபைலிலும் இருக்கட்டும்.

5. மாதம் ஒருமுறை உங்கள் பெயரை கூகுளில் தேடுங்கள். இன்காக்னிட்டோவில், பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டு, தமிழிலும் ஆங்கிலத்திலும் தேட வேண்டும். 'இமேஜஸ்' பகுதியையும் பாருங்கள். கூகுள் அலர்ட்ஸில் பெயரைக் கொடுத்து வைத்தால், புதிதாக ஏதாவது வரும்போது மெயில் வரும். இலவசம்தான். ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். இன்ஸ்டாகிராமுக்குள் நடப்பதெல்லாம் அதில் வராது; அங்கேயும் போய்த் தேட வேண்டும்.

6. ஊறுகாய் எண்ணெய் கசிந்தது என்று யாராவது எழுதினால் அழிக்காதீர்கள். அன்றே, எல்லோரும் பார்க்கும்படி, "மன்னிக்கணும், வேறு பாட்டில் அனுப்புகிறேன்" என்று பதில் போடுங்கள். அடுத்து வாங்க வருபவர் புகாரோடு உங்கள் பதிலையும் படிப்பார். சொந்தக்காரர்களிடம் 5 ஸ்டார் போடச் சொல்வதும் தப்பு.

7. எல்லாக் கணக்கிலும் இரண்டடுக்குப் பாதுகாப்பை ஆன் செய்யுங்கள். ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள். உங்கள் பெயரில் போலிக் கணக்கு கண்ணில் பட்டால் முதலில் ஸ்கிரீன்ஷாட், அடுத்து ரிப்போர்ட், உடனே ஸ்டேட்டஸில் வாடிக்கையாளர்களுக்கு எச்சரிக்கை. யாராவது அதில் பணம் கட்டி ஏமாந்திருந்தால், தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு போன் செய்யச் சொல்லுங்கள்.