ஹைப்ரிட் கார் பேட்டரி: எஸ்டிமேட்டை நம்பி வழக்குப் போடலாமா?

கேள்வி: திருப்பூரில் சிறிய பனியன் கம்பெனி நடத்துகிறேன். 2023 ஆகஸ்டில் கோவையில் பழைய கார் வியாபாரி ஒருவரிடம் 2014 மாடல் ஹைப்ரிட் கார் ஒன்றை ரூ.9.5 லட்சத்துக்கு வாங்கினேன். ‘ஹைப்ரிட் பேட்டரி சூப்பர் கண்டிஷன், இன்னும் 5 வருஷம் கவலையில்லை’ என்று இணையத்தில் விளம்பரம் போட்டிருந்தார். அதன் ஸ்கிரீன்ஷாட் என் மனைவியின் போனில் இருக்கிறது. டெலிவரி நோட்டில் ‘பேட்டரிக்கு 1 வருட கியாரண்டி’ என்று கையால் எழுதிக் கொடுத்தார். 2024 மே மாதம் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. வியாபாரி தன் ஆளிடம் அனுப்பினார், அரை மணி நேரத்தில் விளக்கு அணைந்தது. நவம்பரில் மறுபடி எரிந்தபோது ‘கியாரண்டி முடிந்துவிட்டது’ என்று கைவிரித்துவிட்டார். கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் செய்து, மொத்த பேட்டரியையும் மாற்ற ரூ.3.6 லட்சம் எஸ்டிமேட் கொடுத்தார்கள். 2025 பிப்ரவரியில் வெளி மெக்கானிக் ஒருவர் நாலு மாட்யூல் மட்டும் மாற்றி ரூ.55,000 வாங்கினார். பில் தரவில்லை. இந்த ஜனவரியில் மீண்டும் விளக்கு எரிகிறது, பிக்கப்பும் இல்லை. மூவர் மீதும் வழக்குப் போட்டு காரின் முழு விலையையும் திரும்பப் பெற முடியுமா?

– வாசகர், திருப்பூர்

பதில்: முழு விலை கிடைப்பது மிகக் கடினம். சர்வீஸ் சென்டரை வழக்கில் இழுக்க வேண்டாம். வியாபாரி மீதான வழக்கு நிற்கும். ஆனால் இன்று உங்கள் கையில் இருக்கும் காகிதங்களை மட்டும் வைத்துக்கொண்டு அதை ஜெயிக்க முடியாது.

காரணம், உங்கள் வழக்கைத் தீர்மானிக்கப் போவது ஒரே ஒரு விஷயம்: பேட்டரியில் இருக்கும் கோளாறு என்ன, அது கியாரண்டி காலத்துக்குள் தொடங்கியதா என்பது. அதற்கு நீங்கள் ஆதாரமாக நினைப்பது சர்வீஸ் சென்டரின் எஸ்டிமேட்டை. எஸ்டிமேட் என்பது வேலைக்கு எவ்வளவு ஆகும் என்று சொல்லும் சீட்டு. கோளாறு எங்கே, எதனால், எப்போதிலிருந்து என்று அதில் ஒரு வரி இருக்காது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் பிடிப்பது இந்த இடத்தைத்தான்.

பழைய ஹைப்ரிட் கார்களில் ஸ்கேனர் வைத்தால் பெரும்பாலும் வருவது பி0ஏ80 என்ற கோடு. ‘ஹைப்ரிட் பேட்டரியை மாற்றவும்’ என்பதே அதன் விளக்கம். அதைப் படித்ததும் பேட்டரி செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம். காரின் கம்ப்யூட்டர் உண்மையில் பார்ப்பது வோல்டேஜை. டொயோட்டா பிரியஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நிக்கல் பேட்டரியில் 28 மாட்யூல்கள், ஒவ்வொன்றிலும் 6 செல்கள், மொத்தம் 201.6 வோல்ட். இரண்டிரண்டு மாட்யூலாகச் சேர்த்து 14 பிளாக்குகளாக கம்ப்யூட்டர் அளக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு பிளாக் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாக இறங்கினால் விளக்கு எரிகிறது. செல் தளர்ந்திருக்கலாம். மாட்யூல்களை இணைக்கும் செம்புத் தகடுகளில் களிம்பு பிடித்திருக்கலாம். பின்சீட் ஓரம் காற்றை இழுக்கும் கூலிங் ஃபேனில் தூசி அடைத்து, பேட்டரி சூட்டில் வெந்திருக்கலாம். சாதாரண 12 வோல்ட் பேட்டரி பலவீனமாகிவிட்டாலும் இந்தக் கார்கள் பலவிதமான எச்சரிக்கை விளக்குகளைக் காட்டும்.

நீங்கள் இருப்பது திருப்பூரில், தொழில் பனியன். ‘பின்சீட்டில் துணி மூட்டை ஏற்றினார், பஞ்சு போய் ஃபேனை அடைத்தது, பேட்டரி கெட்டதற்கு அவரே காரணம்’ என்று வியாபாரி நிச்சயம் சொல்வார். ஃபேனைத் திறந்து பார்த்து எழுதிய அறிக்கை உங்களிடம் இல்லாவிட்டால், அதற்குப் பதில் சொல்ல உங்களால் முடியாது.

இப்போது கொஞ்சம் கோபப்பட வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். 2024 மே மாதம் விளக்கு எரிந்ததே, அன்று ஒரு போட்டோ எடுத்தீர்களா? வியாபாரிக்கு ஒரு கடிதமாவது எழுதினீர்களா? உங்கள் கேள்வியில் அப்படி எதுவும் இல்லை. அரை மணி நேரத்தில் விளக்கு அணைந்தது என்கிறீர்கள். அரை மணியில் எந்த ஹைப்ரிட் பேட்டரியும் சரியாகாது. ஸ்கேனரில் கோடை அழித்திருப்பார்கள். கோடு விழுந்த நொடியில் காரின் வேகம், சூடு, வோல்டேஜ் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் ஒரு படம்போலப் பிடித்து வைக்கும். ஃப்ரீஸ் ஃபிரேம் என்பார்கள். கோடை அழித்தால் அதுவும் போய்விடும். உங்கள் வழக்கின் மிக நல்ல சாட்சி உங்கள் கண்முன்னே அழிக்கப்பட்டது. நீங்கள் நன்றி சொல்லிவிட்டு காரை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள்.

அதோடு நிற்கவில்லை. சர்வீஸ் சென்டர் ஸ்கேன் செய்த பிறகு ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்காமல் எஸ்டிமேட்டோடு திரும்பினீர்கள். பிறகு பில் தராத ஒருவரிடம் பேட்டரியைத் திறக்கக் கொடுத்தீர்கள். கழற்றிய நாலு மாட்யூல்களும் இன்று எங்கே? அவர் எடுத்துப் போயிருந்தால், 2025 பிப்ரவரிக்கு முன் அந்தப் பேட்டரி எந்த நிலையில் இருந்தது என்று இனி யாரும் முழுமையாகச் சொல்ல முடியாது. கிழட்டு மாட்டோடு இளங்காளையைப் பூட்டியது போன்ற வேலை அது. பத்து வருஷம் உழைத்த மாட்யூல்களுக்கு நடுவே வேறு திறன் உள்ள நாலைச் செருகினால் சில மாதம் விளக்கு எரியாது. அதன் பிறகு அடுத்த பலவீனமான மாட்யூல் படுத்துவிடும். ‘பேட்டரியைத் திறந்து கெடுத்தது இவர்தான்’ என்று வாதிட வியாபாரிக்கு நீங்களே வழி செய்து கொடுத்திருக்கிறீர்கள். இதை எழுத எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. பழைய கார் வழக்குகள் பலவும் இப்படித்தான், சட்டம் சாதகமாக இருந்தும் காகிதம் இல்லாமல் தோற்றுப்போகின்றன.

இனி உங்களுக்குச் சாதகமான பக்கம். அதற்கு முன் ஒன்று: பத்து வயதான கார் பேட்டரி தளர்வது இயல்பு. அதைத் தயாரிப்புக் குறை என்று சொல்ல முடியாது. கம்பெனிகள் ஹைப்ரிட் பேட்டரிக்குத் தனியாகத் தரும் வாரண்டி பொதுவாக 8 ஆண்டுகள், அதுவும் ஒரு கிலோமீட்டர் வரம்போடு. உங்கள் காருக்கு அது முடிந்து காலமாகிவிட்டது. ஆகவே கார் கம்பெனியை மறந்துவிடுங்கள். உங்கள் வழக்கு நிற்பது வியாபாரி கொடுத்த வாக்கின் மேல். சரியான சோதனை செய்யாமல் ஒரு பொருளின் திறனுக்கோ ஆயுளுக்கோ பொதுமக்களுக்கு உத்தரவாதம் தருவதை, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 2(47) பிரிவு முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. சோதித்துப் பார்த்துத்தான் சொன்னேன் என்று அவர் வாதிட்டால், அதை நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது என்றும் அதே பிரிவு சொல்கிறது. ‘இன்னும் 5 வருஷம் கவலையில்லை’ என்று எந்தச் சோதனையை வைத்து எழுதினீர்கள் என்று அவரைக் கேட்க அந்த ஸ்கிரீன்ஷாட் போதும். அதனால் உங்கள் மனைவியின் போனை மாற்றவோ, ரீசெட் செய்யவோ வேண்டாம். விளம்பரத்தையும் வாட்ஸ்அப் உரையாடல்களையும் தாக்கல் செய்யும்போது, பாரதிய சாக்ஷிய அதினியம் 2023-இன் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைப்பது பாதுகாப்பு. உங்கள் வழக்கறிஞர் தயார் செய்து தருவார். டெலிவரி நோட்டின் அசலை லேமினேட் செய்யாமல் பத்திரமாக வையுங்கள்.

(இந்தக் காரை வியாபாரியிடம் அல்லாமல், தன் சொந்தக் காரை விற்ற ஒரு தனிநபரிடம் வாங்கியிருந்தால் நுகர்வோர் ஆணையம் சரிப்படாது. உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.)

ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: ஆர்சி யார் பெயரில் இருக்கிறது? பனியன் கம்பெனி பெயரில் வாங்கி, கணக்கில் தேய்மானமும் காட்டியிருந்தால், ‘வணிக நோக்கம், இவர் நுகர்வோரே அல்ல’ என்ற ஆட்சேபணை வரும். அதற்குப் பதில் உண்டு. முதன்மை நோக்கம் என்ன என்பதைத்தான் நீதிமன்றங்கள் பார்க்கின்றன. ஆனால் அந்தப் பதிலை மனு போடுவதற்கு முன்பே யோசித்து எழுத வேண்டும்.

காலவரையறையைப் பாருங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 69-ஆம் பிரிவின்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள். வாங்கிய நாளிலிருந்து கணக்கிட்டால் 2025 ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது என்று வியாபாரி சொல்வார். கியாரண்டிக்குள் முதல் முறை விளக்கு எரிந்த 2024 மே மாதத்திலிருந்து எண்ண வேண்டும் என்பது நம் தரப்பு. அப்படி எண்ணினாலும் 2026 மே மாதம் கதவு மூடிவிடும். வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதாலும், ‘பார்த்துச் செய்கிறேன்’ என்று அவர் போனில் சொல்வதாலும் இந்தக் காலம் நீளாது. நோட்டீஸ் அனுப்புங்கள், 15 நாள் கெடு கொடுங்கள். பதிலுக்காக மாதக் கணக்கில் காத்திருக்காதீர்கள்.

முதல் வேலையாக காரை ஓட்டுவதை நிறுத்துங்கள். விளக்கு எரிந்த பிறகும் ஓட்டினால் சேதத்தை அதிகமாக்கியவர் நீங்கள் என்பார்கள். 200 வோல்ட்டுக்கு மேல் ஓடும் ஆரஞ்சு நிற வயர்கள் அதில் இருக்கின்றன. முறையான பயிற்சி இல்லாத யாரும் அதைத் தொடக் கூடாது. டோ செய்து சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய், கோடை அழிக்காமல் ஸ்கேன் ரிப்போர்ட், ஃப்ரீஸ் ஃபிரேம், ஒவ்வொரு பிளாக்கின் வோல்டேஜ், ஃபேன் மற்றும் இணைப்புத் தகடுகளின் நிலை, 12 வோல்ட் பேட்டரியின் சோதனை எல்லாவற்றையும் கையொப்பத்தோடு எழுத்தில் கேளுங்கள். கட்டணம் கட்டி ரசீது வாங்குங்கள். 2024 நவம்பருக்குப் பிறகு அவர்கள் செய்த ஸ்கேனின் ஜாப் கார்டு நகலையும் மின்னஞ்சலில் கேளுங்கள். அப்போது உள்ளே இருந்தது பழைய பேட்டரி, வெளி மெக்கானிக் இன்னும் திறக்கவில்லை. கியாரண்டி முடிந்த சில மாதங்களுக்குள் பேட்டரி எப்படி இருந்தது என்று காட்ட மிஞ்சியிருக்கும் ஒரே பதிவு அது. சர்வீஸ் சென்டரை எதிர்மனுதாரர் ஆக்க வேண்டாம் என்று சொன்னதும் இதற்காகத்தான். அவர்கள் உங்களுக்குச் சாட்சியாகப் பயன்படுவார்கள்.

மனுவோடு, அதே நுகர்வோர் சட்டத்தின் 38-ஆம் பிரிவின் கீழ் நிபுணர் ஆய்வும் கேளுங்கள். அரசுப் பொறியியல் கல்லூரியின் ஆட்டோமொபைல் துறைப் பேராசிரியர் ஒருவரை நியமிக்கும்படி கோரலாம். செலவை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். அந்த ஆய்வு முடியும் வரை பேட்டரியை மாற்றாதீர்கள். எக்சேஞ்சில் பழையதைக் கொடுத்துவிடவும் வேண்டாம்.

என்ன கேட்பது? கார் விலையைக் கேட்காதீர்கள். வாரண்டி பாகத்தை மாற்றித் தருவதற்குத்தான் என்றால் அதைக் காட்டி முழு வண்டியையும் மாற்றித் தரக் கேட்க முடியாது என்று மாருதி உத்யோக் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பேட்டரி மாற்றும் செலவு, மன உளைச்சலுக்கு ஓரளவு இழப்பீடு, வழக்குச் செலவு என்று அளவோடு கேளுங்கள். நீங்கள் ஓட்டிய காலத்துக்காக ஆணையம் அதிலும் ஒரு பகுதியைக் கழிக்கலாம். பில் தராதது முறையற்ற நடைமுறை என்றாலும், மெக்கானிக்கைச் சேர்ப்பது உங்கள் வழக்குக்கு லாபமா நஷ்டமா என்பதைக் காகிதங்களைப் பார்க்காமல் நான் சொல்லக் கூடாது.

நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், கோவைக்கு அலைய வேண்டாம். உங்கள் தொகைக்குக் கட்டணம் ரூ.200-தான். இங்கே எழுதியது நீங்கள் சொன்னதை மட்டும் வைத்து எழுதியது. டெலிவரி நோட்டில் ‘உள்ளது உள்ளபடி’ போன்ற வாசகம் எங்காவது அச்சடித்திருந்தால் நிலைமை வேறு. அதனால் இந்த வாரமே நுகர்வோர் வழக்கு நடத்தும் வழக்கறிஞர் ஒருவரை எல்லா அசல் ஆவணங்களோடும் நேரில் பாருங்கள். மனுவோடு 69(2)-இன்படி தாமத மன்னிப்பு மனுவையும் முன்னெச்சரிக்கையாகச் சேர்த்துத் தாக்கல் செய்யச் சொல்லுங்கள். ஏப்ரலுக்குள் அது ஆணையத்தில் எண்ணிடப்பட்டுவிட வேண்டும்.