ராத்திரியில் நாலு தரம் எழும்புகிறீர்களா?

வேலையிலிருந்து நின்று லயத்தில் பேரப்பிள்ளைகளோடு இருந்த ஒரு பெரியவர். ராத்திரியில் நாலைந்து தரம் ஒன்னுக்குப் போக எழும்புவார். குளிரில் வெளியே போகப் பயந்து, பின்னேரத் தேத்தண்ணியையே விட்டுவிட்டார். பிறகு படுக்கை நனையத் தொடங்கியது. "கூப்பிட்டிருக்கலாமே மாமா" என்று மருமகள் கேட்டாள். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து பாயை இஸ்தோப்புக்குக் கொண்டுபோய்விட்டார். "வயசானா அப்படித்தாம்மா" என்றார். யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு கிழமை தடிமன். கடையில் குளிசை வாங்கிப் போட்டார். விடியும்போது ஒரு சொட்டும் வரவில்லை. அடிவயிறு கல் மாதிரி வீங்கிவிட்டது. சூடு என்று நினைத்து வீட்டார் செவ்விளநீர் கொடுத்தார்கள். வலி கூடியது. கடைசியில் ஆஸ்பத்திரியில் குழாய் போட்டுத்தான் மூத்திரத்தை எடுத்தார்கள்.

நடந்தது இதுதான். ஆண்களுக்கு மூத்திரப்பையின் அடியில் புரொஸ்டேட் என்றொரு சுரப்பி இருக்கிறது. வாலிபத்தில் கொட்டைப்பாக்கு அளவுதான். மூத்திரக் குழாய் அதன் நடுவாகப் போகிறது. வயது போகப் போகச் சுரப்பி பெருத்துக் குழாயை நெரிக்கும். பீலிக்கு வரும் ரப்பர் குழாயை மிதித்தால் தண்ணீர் எப்படி வரும்? நூல் மாதிரி, விட்டு விட்டு. 60 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்தப் பெருக்கம் உண்டு. இது புற்றுநோய் அல்ல. ஆனால் இரண்டுக்கும் அறிகுறிகள் ஒன்றுபோல் இருக்கலாம். சோதித்துத்தான் பிரித்தறிய வேண்டும்.

படுக்கை நனைந்தால் மூத்திரப்பை காலியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். நிரம்பி வழிந்தாலும் அப்படித்தான் சொட்டும். அதைக் கவனிக்காமல் விட்டால் சிறுநீரகமே கெட்டுப்போகலாம். வீட்டாரே, ஏசாதீர்கள், கிளினிக்குக் கூட்டிப் போங்கள்.

டாக்டர் மூத்திரம், இரத்தம் சோதிப்பார். ஸ்கேன் எடுக்கச் சொல்லலாம். ஆசனவாய் வழியாக விரலால் தொட்டும் பார்ப்பார். அதற்காகவே பயந்து வராதவர்கள் உண்டு. ஒரு நிமிஷ வேலை ஐயா, வெட்கப்பட என்ன இருக்கிறது?

மருந்து இரண்டு விதம். டாம்சுலோசின் குழாய்ப் பக்கத்துத் தசையைத் தளர்த்தும்; சில நாட்களில் சுகம் தெரியும். முதலில் தலை சுற்றலாம், ஆகவே படுக்கையிலிருந்து மெதுவாக எழும்புங்கள். கண்ணில் வெண்புரை ஒபரேஷன் செய்ய இருந்தால், இந்த மருந்து குடிப்பதைக் கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பினஸ்டரைட் சுரப்பியைச் சுருக்கும். பலன் தெரிய ஆறு மாதமாகலாம், பாதியில் விட்டுவிடக் கூடாது. உடைந்த பினஸ்டரைட் குளிசையைக் கர்ப்பிணிகள் தொடக்கூடாது. ஒரே காம்பராவில் எல்லோரும் இருக்கும் வீடுகளில் இது முக்கியம். மருந்தில் அடங்காவிட்டால், பெரும்பாலும் வயிற்றை வெட்டாமலே மூத்திரக் குழாய் வழியாகச் சத்திரசிகிச்சை செய்வார்கள்.

பகலில் தண்ணீரைக் குறைக்காதீர்கள். படுக்கப் போக இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு முன் தேத்தண்ணியை நிறுத்தினால் போதும். சாராயம் தொல்லையைக் கூட்டும், மலச்சிக்கலும் அப்படியே. ஒன்னுக்குப் போனபின் ஒரு நிமிஷம் நின்று மறுபடியும் முயன்று பாருங்கள். ராத்திரியில் இருட்டுப் படியில் இறங்கி விழுவதைவிடக் கட்டிலடியில் மூடியுள்ள வாளி ஒன்று வைப்பது மேல்.

தடிமனுக்கும் இருமலுக்கும் கடையில் கேட்காமல் மருந்து வாங்க வேண்டாம். பிரிட்டோன் போன்ற குளிசைகளும் மூக்கடைப்புக் குளிசைகளும் மூத்திரத்தை அடைத்துவிடக்கூடும்.

முட்டிக்கொண்டும் ஒரு சொட்டும் வராவிட்டால் விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம். தண்ணீரோ, பார்லியோ, செவ்விளநீரோ கொடுக்காமல் உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். லயத்துக்கு ரோட்டு சரியில்லையென்றால் எந்தச் சந்தியில் நிற்பீர்கள் என்று சொல்லுங்கள். மூத்திரத்தில் இரத்தம் கண்டாலும் தாமதிக்கக் கூடாது. போகும்போது கிளினிக் கொப்பியையும், குடிக்கிற குளிசைகள் எல்லாவற்றையும், கடையில் வாங்கியதையும் சேர்த்துத்தான், ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.